கடற்கரைக்கு நீல ஐஸ் கொண்டுவந்தவன்

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வெயிலில் கல்லைச் சுற்றிவர அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது எது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. கரும்புச் சாறு, எலுமிச்சை சர்பத், ரோஸ் மில்க், மோர், எந்தத் தம்ளரை எடுத்தாலும் அதில் மிதப்பது என் ஐஸ். திருவிடந்தையிலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் கடலோரமாக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டில் குளிர்ச்சியாக இருப்பதில் பாதி என்னுடையது. மீதிப் பாதியை மற்ற பிளான்ட்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் படித்தது அஞ்சாவது. அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே எங்கள் ஊர். எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது, அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி. எனக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. மீசை முளைப்பதற்கு முன்பே லாரி ஏறிக் கடலோரம் வந்து ஐஸ் பிளான்டில் லோடு தூக்கினேன். தோளில் சாக்கைப் போட்டு அதன் மேல் ஐஸ் பாரை ஏற்றினால் வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் தோள் மரத்துவிடும். மரத்த தோளோடு கம்ப்ரசர் ரூம் வாசலில் போய் நின்று மெக்கானிக் செய்வதைப் பார்ப்பேன். அவன் திட்டுவான். திட்டு வாங்கியே தொழில் படித்தேன். குளிர வைக்கிற அமோனியா கசிந்தால் மற்றவர்களுக்குக் கண் எரிந்த பிறகுதான் தெரியும், எனக்கு அதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். முதலாளி அந்த பிளான்டை நடத்த முடியாமல் மூடியபோது ஐஸ் உறையவைக்கிற உப்புத் தொட்டி, கேன், கிரஷர் என்று எல்லாவற்றையும் விலைக்கு எடுத்தது யார்? லோடு தூக்கினவன்தான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். தொழிலில் பிழை கண்டுபிடிக்க யாரும் வரவேண்டாம் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் பிளான்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இரண்டு வரிசை ஓடுகிறது. ஒன்று குடிக்கிற ஐஸ். ஃபில்டர் தண்ணீரைக் கேனில் ஊற்றி, உறையும்வரை குழாய் வழியாகக் காற்று விட்டுக்கொண்டே இருப்போம். அந்தப் பார் கண்ணாடி மாதிரி வரும், பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம். இன்னொன்று போட் ஐஸ். கிணற்றுத் தண்ணீர், காற்று கிடையாது, நடுவில் பால் ஊற்றினது போல வெள்ளையாக இருக்கும். அதை கிரஷரில் நொறுக்கி, மீன்காரர்கள் பெட்டியில் நிரப்பிக் கடலுக்குக் கொண்டு போவார்கள். கண்ணாடி மனுஷனுக்கு, பால் மீனுக்கு. இந்தக் கரையில் எல்லா பிளான்டிலும் அதுதான் நடைமுறையாக இருந்தது.

ஒரு கோடைத் தொடக்கத்தில், டூர் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நாளில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகும் வழியிலேயே வயிறு கெட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சிலரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது. பிள்ளைகளெல்லாம் குடித்தது ஒரே வண்டியில், ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் ஓர் அம்மா வைத்திருக்கும் கரும்புச் சாறு வண்டியில். வாத்தியார் புகார் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே செங்கல்பட்டு ஆபீசிலிருந்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். அவரும் ஒரு பெண். வேனில்தான் வருவார், வேனுக்குள்ளேயே சின்னதாக ஒரு லேப் இருக்கும். டீத்தூளைத் தண்ணீரில் போட்டு சாயம் இறங்குகிறதா பார்ப்பார். வறுத்த மீனின் சிவப்பைப் பஞ்சில் ஒற்றிப் பார்ப்பார். பழைய எண்ணெய்க்குள் ஒரு மீட்டரை விட்டால் அது எத்தனை தடவை கொதித்த எண்ணெய் என்று மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வேன் பூஞ்சேரி தாண்டினாலே கடைக்காரர்களுக்குள் போன் பறக்கும். கறாரான பொம்பளை. எனக்குக் கறாரான ஆட்களைப் பிடிக்கும், அவர்கள் என் பக்கம் வராதவரைக்கும்.

அவர் வண்டியிலிருந்து சாறு, கரும்பு கழுவிய தண்ணீர், சாக்கில் மீதியிருந்த ஐஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக மருந்து போட்ட சின்ன பாட்டில்களில் பிடித்தார். கெட்ட கிருமி இருந்தால் மறுநாளைக்குள் பாட்டில் கறுத்துவிடும். கரும்பு கழுவிய தண்ணீர் நன்றாகவே இருந்தது. ஐஸ் பிடித்த பாட்டிலும் ஐஸ் போட்ட சாறும் கரியாகக் கறுத்துவிட்டன. காரணம் தெரிகிறவரை வண்டி ஓடக்கூடாது, தப்பு வண்டிக்காரம்மா மேல் என்றால் பதிவையே ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சாறுக்காரம்மாவுக்கு வண்டியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. புருஷன் போன பிறகு அந்த மிஷினை வைத்துத்தான் இரண்டு பெண்களை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். டூர் பஸ் வரும் இந்த மாதங்களில் சம்பாதித்தால்தான் மழைக்காலத்தை ஓட்ட முடியும். ஐஸ் எங்கே வாங்கினாய் என்று ஆபீசர் அம்மா கேட்டதற்கு அவள் யோசிக்காமல் என் பிளான்டைச் சொன்னாள். வேறு எங்கேயும் வாங்கமாட்டேன் என்று சத்தியமும் செய்தாள்.

மறுநாள் காலையில் லோடு ஏறும் நேரம் பார்த்து பிளான்டுக்கே வந்துவிட்டாள். போட்காரர்கள், லோடுமேன்கள், எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

“அண்ணாத்த, இன்னா தண்ணில ஐஸ் போட்டுகினு கீற நீ? டூர் பஸ்ஸெல்லாம் என் எதிர்ல போவுது, நான் மிஷினுக்குத் துணி போத்திகினு நிக்கிறேன்” என்றாள்.

போட்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒருவன் பின்னாலிருந்து, “இனிமே இங்க பாருக்கு ஒரு பேதி மாத்திரை ஃப்ரீயாமே மச்சான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. குடிக்கிற ஐஸ் வரிசையிலிருந்து ஒரு பாரை இழுத்துப் போட்டு, கொத்தி, ஒரு துண்டை எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக் கடித்து மென்றேன். பல் கூசி உயிர் போயிற்று. காட்டிக்கொள்ளவில்லை.

“கேட்டுக்கம்மா. கெட்டது என் ஐஸு இல்ல. அதை நிரூபிச்சு உன் வண்டிய நானே தொறந்து வைக்கிறேன்” என்றேன். சொன்னது பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டது. நான் சொன்னால் சொன்னதுதான்.

அன்று மதியமே ஆபீசர் அம்மாவின் வேன் என் வாசலில் நின்றது. இரண்டு வரிசையிலும் ஐஸ் எடுத்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் இரண்டு பாட்டிலோடும் வந்தார். குடிக்கிற ஐஸ் தெளிவாக இருந்தது. நான் என் ஆட்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். போட் ஐஸ் கறுத்திருந்தது. அது மீனுக்கு மேடம், அதை யாரும் குடிக்கப் போவதில்லை என்றேன். இரண்டையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். கண்ணாடி, பால் கணக்கைச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, இரண்டிலும் கொஞ்சம் நொறுக்கித் தனித்தனி பேசினில் கொண்டுவரச் சொன்னார். நொறுங்கின பிறகு இரண்டும் கல் உப்பு மாதிரி ஒரே வெள்ளை. பேசினை இடம் மாற்றி வைத்துவிட்டு, இப்போது எது எது என்று சொல்லுங்கள் என்றார்.

இதற்கெல்லாம் நான் அசருவேனா? இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் ஒரு உவர்ப்பு உண்டு, நாக்கின் ஓரத்தில் தட்டும். இது மீனுக்கு, அது குடிக்க என்றேன். சரியாகச் சொன்னேன். லோடுமேன் ஒருவன் விசில் அடித்தான்.

ஆபீசர் அம்மா சிரிக்கவில்லை. “நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க சார். டூர் வந்த புள்ளைங்க கண்டுபிடிக்குமா?” என்றார்.

விசில் அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு பாரைத் தூக்கப் போனான். 

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். குடிப்பதற்கு இல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சாப்பாட்டில் போடும் கலர்தான், மீனுக்குக் கெடுதல் இல்லை. எல்லா பிளான்டுக்கும் சொல்லிவிட்டோம், ஒருவரும் செய்யவில்லை என்றார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். செய்யாததற்குக் காரணமும் இருந்தது. நீல ஐஸைப் பார்த்தால் மீன்காரன் அன்றைக்கே பக்கத்து பிளான்டுக்குப் போய்விடுவான். நான் மட்டும் நீலம் போட்டால் நான் மட்டும்தான் மூடுவேன் என்றேன். மீன் ஐஸ் எப்படித் தம்ளருக்குள் வந்தது என்று தெரிகிறவரை வண்டியும் திறக்காது, உங்களுக்கும் நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. சாறுக்காரம்மா வண்டிக்கு ஐஸ் போடும் என் ஆளைக் கூப்பிட்டு விசாரித்தேன். தினமும் கண்ணாடிப் பார்தான் இறக்குகிறேன் என்று அடித்துச் சொன்னான். அந்தப் பிள்ளைகள் வந்த நாளில்? கொஞ்சம் யோசித்து, அன்றைக்கு மட்டும் ஐஸ் வேண்டாம், இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்றான். அன்று என்ன நாள்? காற்று திரும்பி, கடல் பொங்கி, ஒரு போட்டும் இறங்காத நாள். எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ளக் கரைக்குப் போனேன்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. போட் இறங்க முடியாமல் போனால், பெட்டியில் நிரப்பின ஐஸை வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார்கள், பிளான்டுக்கும் திருப்பமாட்டார்கள். அந்த இடத்திலேயே உறவுக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்து வெறுமையாக்கின பெட்டி அடுத்த தடவை மீனால் நிறையும் என்று நம்பிக்கை. கேட்காமலே கொடுப்பார்கள். கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் கடலுக்குப் போகிறவனுக்கு ஆகாது. சாறுக்காரம்மாவின் தம்பி ஃபைபர் போட் வைத்திருக்கிறான். அவன் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஐஸ் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

“அக்காவுக்குத்தான் அண்ணாத்த. வேற யாருக்குக் குடுப்பேன்?”

“அது குடிக்கிற ஐஸு இல்லடா.”

“ஏன்? பெட்டியக் கழுவி வச்சிருந்தேன். ஒரு மீனுகூடப் படல. உன் பிளான்ட்டு ஐஸுதான அது?”

என்னத்தைச் சொல்வது? அவன் கணக்கு அவனுக்குச் சரி. மீன் பட்டால்தான் அது மீன் ஐஸ். படாதவரைக்கும் அது வெறும் ஐஸ், அதுவும் பேர் பெற்ற என்னுடைய ஐஸ். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு அவள் பொய் சொல்லவே இல்லை.

இப்போது என் பேர் தப்பித்துவிட்டது. நேராகச் செங்கல்பட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னால் எனக்கு நோட்டீஸ் வராது. ஆனால் பழி முழுக்க சாறுக்காரம்மா மேல் விழும், வண்டி போய்விடும். வீட்டில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் என் வீட்டுக்காரி சோற்றைப் போட்டுக்கொண்டே, “வண்டியத் தொறந்து வைக்கிறேன்னு ஊர் முன்னால வாய விட்டது நீதான? நீதான் தொறக்கணும்” என்றாள். 

சாறுக்காரம்மாவை என் வேனில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். ஆபீசர் அம்மா கேட்டுவிட்டு, தெரியாமல் செய்தாலும் செய்ததுதானே, நாளைக்கு மறுபடியும் காற்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவளைக் கேட்டார்.

அவள் அழவில்லை. “அவன் கடலுக்குப் போறவன் மேடம். குடுத்தா வேணாம்னு எப்பிடிச் சொல்றது?” என்றாள்.

ஆபீசர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றுகிறது.

“தம்பி குடுக்கறத அக்கா வேணாம்னு சொல்ல முடியாது மேடம். குடிக்காதேன்னு அந்த ஐஸே சொல்லணும். நாளையிலிருந்து என் போட் ஐஸு நீலம்” என்றேன். ஒரு நிபந்தனையும் போட்டேன். மற்ற பிளான்ட்காரர்களையும் அவர் போட வைக்க வேண்டும், நான் முதலில் இறங்குகிறேன். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். மீனுக்கு ஊற்றும் தண்ணீரும் இனிமேல் சுத்தமாக இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து நேராக ஊற்றக்கூடாது. அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டேன். நீலம் கரையில் ஓடுகிறதைப் பார்த்துவிட்டு வண்டிக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், ஓடவில்லை என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, மறுநாள் விடிந்து முதல் நீலப் பார் கேனிலிருந்து வழுக்கி வெளியே வந்தபோது எனக்கே கொஞ்சம் திக்கென்றது. வானத்தை வெட்டி வைத்தது போல இருந்தது. போட்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, மீனுக்குச் சொட்டு நீலம் போட்டு வெளுக்கப் போறியா?”

“அப்பிடியே கஞ்சியும் போட்டு இஸ்திரி பண்ணிக் குடு அண்ணாத்த.”

சிரித்துவிட்டுப் பாதிப் பேர் பக்கத்து பிளான்டுக்கு வண்டியைத் திருப்பினார்கள். சாறுக்காரம்மாவின் தம்பி மட்டும் பெட்டியை நீட்டினான். அக்காவின் வண்டி நிற்பது தன்னால்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி நிறைய நீல ஐஸோடு போட்டைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவன் திரும்பி வரும்போது நான் கரையில் நின்றேன். இந்த நாடகம் ஓடினால்தான் வண்டி ஓடும், பிளான்டும் ஓடும். ஏலத்தில் மீன் விலை போகவில்லை என்றால் நீல ஐஸை மறுநாள் ஒருவன் தொடமாட்டான். பெட்டியைத் திறந்ததும் ஏலம் கேட்க வந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். மீனுக்கு ஜுரம் வந்து நீலம் பூத்திருக்கிறது என்று ஒருவன் சொன்னான். மருந்து அடித்த மீன் என்று இன்னொருவன்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டேன். பெரிய வஞ்சிரமாக ஒன்றை இழுத்து எடுத்து, ஒரு மொந்தை கடல் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். நீலம் ஓடிவிட்டது. மீன் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. செவுளைப் பிரித்துக் காட்டினேன், உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. இது சாப்பிடுகிற கலர், கேசரியில் போடுகிற மாதிரி, வேண்டுமானால் நானே இந்த ஐஸைத் தின்று காட்டுகிறேன் என்றேன். கூடையோடு நின்ற வயதான மீன்காரம்மா ஒருத்தி முன்னால் வந்தாள். இந்தக் கரையில் அவள் விலை சொன்னால் மற்றவர்கள் அதற்கு மேலேதான் கேட்பார்கள். செவுளை அவளே ஒரு தடவை பிரித்து முகர்ந்தாள்.

“நீ ஒண்ணும் தின்ன வேணாம், கம்முனு கீ. மீனு நல்லாத்தான் கீது” என்று சொல்லிவிட்டு ஏலத்தை ஆரம்பித்தாள்.

விலை வழக்கமானதற்குக் குறையவில்லை. தம்பிக்காரன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் அந்த வஞ்சிரத்தை என் வீட்டுக்கே வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைக்கச் சொல்லி, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

அதற்குள் ஆபீசர் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பிளான்டாக ஏறி இறங்கி, நீலம் போடாமல் போட் ஐஸ் வெளியே போகக்கூடாது என்று பிடித்துவிட்டார். பக்கத்து பிளான்டுக்குப் போனவர்களுக்கு அங்கேயும் நீலம்தான். சரி, நீலம்தான் என்றால் முதலில் போட்டவனிடமே வாங்கலாம் என்று திரும்பி வந்தார்கள். எவ்வளவு கலர் போட வேண்டும் என்று கேட்டு மற்ற பிளான்ட்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். நான் ஐஸ் தூக்கின காலத்தில் என்னை டேய் என்று கூப்பிட்டவர்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாக அந்த வேன் ஐந்து ரதத்து வழியில் போய் நின்றது. சாறு, தண்ணீர், ஐஸ் மூன்றும் பாட்டிலுக்குப் போயின. மறுநாள் மதியம் ஆபீசர் அம்மா மூன்று பாட்டிலையும் கையில் எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஒன்றும் கறுக்கவில்லை. இனிமேல் பாரை வாடிக்கைக்காரர் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும், சாக்கில் சுற்றி வைக்கக்கூடாது, மூடி போட்ட பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாறுக்காரம்மா அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.  மிஷின் மேல் கிடந்த துணியை இழுத்து உதறினாள். துணியைப் பிடித்து இழுத்தது அவள்தான் என்றாலும் வண்டியைத் திறந்து வைத்தது நான்தான், அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் காற்று திரும்பியது. போட்கள் மணலில் ஏறி நின்றன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்கு எதிர்ப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு நின்றேன். நினைத்த மாதிரியே தம்பிக்காரன் தலையில் ஒரு பேசினோடு வந்தான், பேசின் நிறைய நீல ஐஸ்.  அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வண்டிக்குக் கீழே இருந்த தொட்டியில் அதைக் கொட்டி, விற்பனைக்கு வைத்திருந்த சோடா பாட்டில்களையும் தண்ணீர் பாட்டில்களையும் அதற்குள் கழுத்துவரை புதைத்து வைத்தாள். பிறகு மேலே இருந்த பெட்டியிலிருந்து கண்ணாடிப் பாரை எடுத்து, சாறு கேட்டு நின்றவர் கண் முன்னால் உடைத்துத் தம்ளரில் போட்டாள்.

சாறு கேட்டவர் டவுனிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, பேன்ட் சட்டை, கையில் குழந்தை. கீழே இருந்த நீலத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

“அது என் தம்பி குடுத்த ஐஸு, பாட்டிலுக்கு. நீ குடிக்கிறது இது” என்றாள்.

அவர் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலில் குழந்தைக்குக் கொடுத்தார். அதற்கு மேல் என்னால் எதிர்ப் பக்கம் நிற்க முடியவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், இரண்டுமே என் ஐஸ்தான் சார் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.